கண்டதைச் சொல்லு பிள்ளை

அந்த முடிச்சு கோசிகாவுடையது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. லண்டனில், ஹரோவிலும் வெம்பிளியிலும் ஒரு கிழமையாக அதை யார் கட்டினார்கள், யார் வைத்தார்கள் என்று ஆளுக்காள் மண்டையை உடைத்துக்கொண்டார்கள். கணக்காளர், டொக்டர், பெற்றோல் செற் முதலாளி என்று எல்லோரும் வாய்க்கு வந்ததைச் சொன்னார்கள். பதினைந்து வயதுக் கோசிகாவுக்கு மட்டும்தான் விடை தெரியும். கடைசியில் எல்லோரும் வந்து கேட்டதும் அவளிடம்தான், அவளும் வாய் கூசாமல் பொய் சொன்னாள்.

முடிச்சுக்குள் பெரிய மர்மம் ஒன்றும் இல்லை. ஒரு பிடி உப்பு, சில செத்தல் மிளகாய், கொஞ்சம் கடுகு, கோசிகாவின் தலைமயிர் ஒன்றிரண்டு. அவளுடைய சிநேகிதி றொஷானிக்கு அரங்கேற்றம். அதே நடனப் பள்ளியில் படிக்கும் கோசிகாவை மேடையில் அறிவிப்புச் செய்யக் கேட்டிருந்தார்கள். முதல்நாள் ஒத்திகைக்கு அவள் முதன்முதலாகச் சேலை கட்டிக்கொண்டு போக, பார்த்தவர்கள் எல்லாம் "என்ன வடிவு" என்று சொல்லிவைத்தார்கள். அன்று பின்னேரமே தலையிடி. கண் பட்டுவிட்டது, அம்மாவுக்கு வேறு காரணம் தேவைப்படவில்லை. மறுநாள் காலை மகளைக் கதிரையில் இருத்தி, தலையைச் சுற்றி, வாய்க்குள் எதையோ முணுமுணுத்து நாவூறு கழித்தார்.

கழித்ததை அடுப்பில் போட்டு வெடிக்கவிட வேண்டும். கவுன்சில் ஃபிளாற்றில் இது நடக்கிற காரியமா? போன வருடம் அம்மா மிளகாயைத் தாச்சியில் போட்டதும் புகை அலாரம் ஊளையிட, பில்டிங் முழுக்க இருமிக்கொண்டு படியிறங்கி மழைக்குள் நின்றது. அதற்குப் பிறகு அம்மா வேறு வழி கண்டுபிடித்துவிட்டார்: துணியில் முடிந்து, சந்தியில் எறிந்துவிட்டுத் திரும்பிப் பாராமல் போய்விடுவது.

"போற வழியில நாலு றோட்டும் சந்திக்கிற இடத்தில போட்டிட்டுப் போ, பிள்ளை" என்று கையில் திணித்தார்.

ஆனால் அவளை ஏற்றிப்போக வந்தது துஷ்யாவின் கார். துஷ்யாவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நடனப் பள்ளியில் அந்த வயதுப் பெண்கள் எதைப் பார்த்துச் சிரிக்க வேண்டும், யாரோடு பேசக் கூடாது என்பதெல்லாம் அவள் வைத்த சட்டம். ஒருத்தியின் அம்மா ஹோலுக்கு வந்து இட்லிச் சட்டியைத் திறந்ததை வீடியோ எடுத்து, பின்னணிக்குப் பாட்டும் போட்டு அனுப்பியவள். அவளுக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு, காரை நிற்பாட்டுங்கள், உப்பு மிளகாய் எறிய வேண்டும் என்று எப்படிச் சொல்வது? கோசிகா முடிச்சைக் கைக்குள் பொத்திக்கொண்டு சந்தி சந்தியாகக் கடந்து போனாள்.

ஹோலில், ஒப்பனை செய்ய வந்திருந்த தவநாயகி அன்ரி அவளைக் கண்டதும், "சும்மா நிக்காமல் இதைக் கொண்டுபோய் உள்ள வை" என்று நகைகள் இருந்த தகர ரின்னைத் தூக்கிக் கொடுத்தார். ஒப்பனை அறை வாசலில் துஷ்யா எதிரே வந்தாள்.

"கையில என்ன ஒளிக்கிறாய்?"

"ஒண்டுமில்லை. ஊசி."

சொல்லிவிட்டு உள்ளே போய், துஷ்யா திரும்பி வருவதற்குள் ரின்னின் மூடியைத் தூக்கி, வெல்வெற் துணிக்குக் கீழே முடிச்சைத் தள்ளிவிட்டாள். பிறகு எடுத்துவிடலாம் என்றுதான் நினைத்தாள். மைக்கைச் சரிபார்க்கக் கூப்பிட்டார்கள், சேலை அவிழப் பார்த்தது, பாரிசிலிருந்து வந்த பிரதம விருந்தினரின் பட்டங்களை வேறு பாடமாக்க வேண்டியிருந்தது. எடுக்க மறந்துபோனாள்.

வர்ணத்தின் நடுவில் றொஷானி விழுந்தாள். சும்மா தடுக்கி விழவில்லை. வலது முழங்கால் ஒரு பக்கமாகத் திரும்ப, மிருதங்கம் இன்னும் போய்க்கொண்டிருக்க, ஹோல் நிறைந்த சனத்துக்கு முன்னால் "அம்மா" என்று கத்திக்கொண்டு விழுந்தாள். திரை மூடினார்கள். அம்புலன்ஸ் வந்தது. அவளுடைய அம்மா சுசிலா அழுதபடி மகளின் நகைகளைக் கழற்றி ரின்னுக்குள் போடப் போனபோது வெல்வெற் துணி விலகியது.

"சூனியம்" என்றார் சுசிலா. சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. அறைக்குள் இருந்த பெண்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் தவநாயகியைத் திரும்பிப் பார்த்தார்கள்.

ஏன் தவநாயகியை? ரின் அவருடையது, அது ஒன்று. ஆனால் அது மட்டும் காரணமில்லை. டென்மார்க்கில் புருஷனை விட்டுவிட்டு லண்டனுக்குத் தனியே வந்தவர். வெம்பிளியில் துஷ்யாவின் மாமா வீட்டில் ஒரு அறை எடுத்து, நடன உடுப்புத் தைத்தும் பிள்ளைகளுக்கு ஒப்பனை செய்தும் சீவிப்பவர். கொண்டை போடும்போது இழுக்கிற இழுவையில் கண்ணில் தண்ணீர் வரும். யாரையும் புகழமாட்டார், வாய் சும்மாவும் இருக்காது. கோசிகாவுக்கும் அவரைப் பிடிக்காது, உள்ளதைச் சொன்னால். எல்லாவற்றுக்கும் மேலாக, போன மாதம் றொஷானிக்கு உடுப்பு அளவு பார்த்தபோது, வீங்கிய முழங்காலைப் பார்த்துவிட்டு எல்லோருக்கும் கேட்கச் சொன்னார்: "இந்தக் காலோட ஆடினியெண்டால் மேடையில விழுவாய்." அக்கறையில் சொன்னதா, எரிச்சலில் சொன்னதா என்று அப்போது யாரும் யோசிக்கவில்லை. இப்போது எல்லோருக்கும் அது சாபமாக ஞாபகம் வந்தது.

அன்று வீடு திரும்பியதும் துஷ்யாவின் செய்தி வந்தது, எல்லோரும் இருக்கிற குறூப்பில்.

"கோசி, நீதானே அந்த ரின்னைத் தூக்கினனி. அவ உள்ள ஏதும் வைச்சதைக் கண்டனியோ?"

பதினொரு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "இல்லை" என்று எழுதினால் அடுத்த கேள்வி என்ன என்று கோசிகாவுக்குத் தெரியும். "கண்ட மாதிரிக் கிடக்கு" என்று எழுதி அனுப்பிவிட்டு, போனைத் தலையணைக்கு அடியில் புதைத்தாள்.

அந்தக் "கண்ட மாதிரி"க்குக் காலையில் கை கால் முளைத்திருந்தது. மத்தியானம் அது "கண்டவள்" ஆயிற்று. பின்னேரம், தவநாயகி கண்ணை மூடி ஏதோ சொல்லிச் சொல்லி வைத்ததைக் கோசிகா கண்டவள் ஆயிற்று. தெற்கு லண்டனில், தோர்ண்டன் ஹீத்தில் ஒரு சாத்திரியாரை யாரோ போனில் பிடித்தார்கள். "தலையைத் தொடுகிற பெண்" என்று அவர் சொன்னாராம். ஒப்பனைக்காரி பிறகு எதைத் தொடுவாள், காலையா? ஆனால் கேட்டவர்களுக்கு உடம்பு புல்லரித்தது. அதற்குப் பிறகு ஒவ்வொரு பெண்ணுக்கும் ஒவ்வொரு வருத்தம் தொடங்கியது. ஒருத்திக்கு அவர் கொண்டை போட்ட நாளிலிருந்து ஒற்றைத் தலையிடியாம். இன்னொருத்திக்கு மயிர் கொட்டுகிறதாம். கணக்குச் சோதனையில் கவிழ்ந்தவளுக்கும் காரணம் கிடைத்துவிட்டது. துஷ்யாவின் மாமா தவநாயகியை வேறு அறை பார்க்கச் சொல்லிவிட்டார். நடனப் பள்ளி நடத்தும் நகுலேஸ்வரி ரீச்சர், இந்த வருடத்து உடுப்பு வேலைகளைத் தற்போதைக்கு நிற்பாட்டச் சொன்னார்.

கோசிகாவின் அம்மாவுக்கு எதுவும் தெரியாது. முடிச்சு சந்தியில் கிடக்கிறது என்றே அவர் நம்பியிருந்தார். சுசிலா அதை ஃபிறீசர் பைக்குள் போட்டு மூடி, வீட்டுக்குள் வைக்கப் பயந்து கராஜில் வைத்திருந்தார். படம் எடுக்கவும் விடவில்லை, படம் எடுத்தால் போனுக்குள்ளும் வந்துவிடுமாம். அதனால் அம்மாவும் மற்றவர்களோடு சேர்ந்து, "இப்பிடியும் ஒரு பொம்பிளை இருப்பாளோ" என்று போனில் கேட்டுக்கொண்டிருந்தார். பக்கத்து அறையில் கோசிகா அதைக் கேட்டுக்கொண்டு படுத்திருந்தாள். எழுந்து போய்ச் சொல்லலாம். சொன்னால் அம்மா என்ன செய்வார்? நேரே போன் எடுத்து எல்லோருக்கும் உண்மையைச் சொல்லிவிடுவார், அம்மாவின் குணம் அது. சொன்ன அடுத்த நிமிடம் சூனியக்காரி அம்மாதான்.

சனிக்கிழமை தமிழ்ப் பள்ளியில் அவள் ஒருமுறை பின்வாங்கிப் பார்த்தாள். இடைவேளையில் தாழ்வாரத்தில் துஷ்யாவும் மற்றவர்களும் சுற்றி நின்றார்கள். அவர்களுக்குள் பேச்சு ஆங்கிலத்தில்தான் ஓடும், கோபம் வந்தால் தமிழ் தலைகாட்டும்.

"எனக்கு வடிவாத் தெரியேல்லை, துஷ்யா. அவ ரின்னைத் திறந்ததைத்தான் கண்டனான் போல."

துஷ்யா கையிலிருந்த சிப்ஸ் பைக்கற்றை மெல்ல மடித்தாள்.

"சரி. அப்ப ஆர் வைச்சது? அந்த ரின்னைத் தொட்டது இரண்டே பேர். அவ. நீ."

மற்றவர்கள் கோசிகாவைப் பார்த்தார்கள். ஒருத்தி, ஐந்து வயதிலிருந்து கோசிகாவோடு ஒரே வரிசையில் ஆடுகிறவள், தன்னுடைய பையை மெதுவாக இழுத்து மற்றப் பக்கம் வைத்துக்கொண்டாள். அவ்வளவுதான் நடந்தது.

"அவதான் வைச்சவ" என்றாள் கோசிகா. "நான் கண்டனான்."

துஷ்யா பைக்கற்றை விரித்து அவள் பக்கம் நீட்டினாள். கோசிகா ஒன்றை எடுத்து வாயில் போட்டாள், மெல்லவும் முடியவில்லை விழுங்கவும் முடியவில்லை.

ஞாயிறு மத்தியானம் சுசிலாவின் வீட்டில் கூட்டம். விசாரணை என்று யாரும் சொல்லவில்லை. நடனப் பள்ளிப் பெற்றோர் சங்கத்தின் விசேட கூட்டம் என்றுதான் செய்தி வந்தது. சங்கத் தலைவர் சண்முகராசா கணக்காளர். எந்த விஷயத்துக்கும் நிகழ்ச்சி நிரல் வேண்டும் அவருக்கு. சூனியத்துக்கும் போட்டிருந்தார். முதலில் கடவுள் வணக்கம், இரண்டாவது முடிச்சு, மூன்றாவது வேறு விடயங்கள். டொக்டர் ஒருவர் சோபா நுனியில் இருந்துகொண்டு, "எனக்கு உதுகளில நம்பிக்கையில்லை" என்றார். பிறகு, "ஆனால் முடிச்சை எனக்குக் கிட்டக் கொண்டுவர வேண்டாம்" என்றும் சொன்னார்.

றொஷானி காலில் பட்டி கட்டி, ஒரு மேசைமேல் காலை நீட்டி இருந்தாள். சண்முகராசா அவளிடம்தான் முதலில் கேட்டார்.

"முதலே காலில நோ ஏதும் இருந்ததோ, பிள்ளை?"

றொஷானி அம்மாவைப் பார்த்தாள். மாதக் கணக்காக அவள் நோ மாத்திரை விழுங்கிக்கொண்டு ஆடியது கோசிகாவுக்கும் தெரியும், துஷ்யாவுக்கும் தெரியும். 

"இல்லை, அங்கிள்" என்றாள் றொஷானி.

தவநாயகி கோட்டைக்கூடக் கழற்றாமல் கதவோரக் கதிரையில் இருந்தார். அவருக்குப் பக்கத்துக் கதிரை காலியாகவே கிடந்தது. அறையில் நின்றவர்கள்கூட அதில் இருக்கவில்லை.

"நான் சொல்லவேண்டியதை ரீச்சரிட்டச் சொல்லிட்டன்" என்றார். "நான் வைக்கேல்லை. அந்தப் பிள்ளை விழப்போகுது எண்டு முதலே சொன்னன், ஒருத்தரும் கேக்கேல்லை. அதுக்காக என்னைச் சூனியக்காரி எண்டால் நான் என்ன செய்யிறது?"

"கண்ட பிள்ளை இருக்கு, தவம்" என்றார் சுசிலா.

எல்லாத் தலையும் கோசிகா பக்கம் திரும்பியது. பக்கத்தில் இருந்த அம்மா அவளுடைய முதுகைத் தடவிக்கொடுத்தார். "கண்டதைச் சொல்லு பிள்ளை. பயப்பிடாதை."

அம்மாவின் அந்தக் கை சூடாக இருந்தது. கோசிகா நிலத்தைப் பார்த்துக்கொண்டு, தவநாயகி அன்ரி ரின்னைத் திறந்து எதையோ வைத்ததைத் தான் கண்டதாகச் சொன்னாள். தன் குரல் வேறு யாருடையதோ போல அவளுக்கே கேட்டது. துஷ்யா அவளைப் பார்த்து மெல்லத் தலையாட்டினாள்.

தவநாயகி எழுந்தார். "கற்பூரம் கொளுத்துங்கோ" என்றார். "நான் அணைச்சுச் சத்தியம் பண்ணுறன்."

அதை யாரும் எதிர்பார்க்கவில்லை, நிகழ்ச்சி நிரலிலும் இல்லை. ஆனால் எரிகிற கற்பூரத்தைக் கையால் அணைத்துச் சத்தியம் செய்கிறேன் என்று ஒருவர் கேட்டால் மறுக்கவும் முடியாது. சுசிலாவின் கணவர் கதிரையில் ஏறிப் புகை அலாரத்தின் பற்றறியைக் கழற்றினார். சாமி அறையிலிருந்து தட்டு வந்தது. கற்பூரம் எரிந்தது. தவநாயகி கோட்டுக் கையை மேலே இழுத்துவிட்டு, "நான் கட்டவுமில்லை, வைக்கவுமில்லை. அந்தப் பிள்ளைக்கு ஒரு கெடுதலும் நினைக்கேல்லை" என்று சொல்லி, உள்ளங்கையை நெருப்பின்மேல் வைத்து அழுத்தினார். முகம் சுளிக்கவில்லை. கையை எடுத்து மூடிக்கொண்டு போய் இருந்தார்.

கோசிகாவுக்கு மூச்சு வந்தது. இனி முடிந்துவிடும் என்று நினைத்தாள். அப்போது பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது.

"பாத்தியளே, அவவுக்குச் சுடவே இல்லை."

ஓம், ஓம் என்று இன்னும் இரண்டு மூன்று குரல்கள். நெருப்பே சுடாத ஆளென்றால் என்ன அர்த்தம்? அழுதிருந்தால் குற்றவாளி, அழாததால் சூனியக்காரி. தவநாயகி குரல் வந்த பக்கம் திரும்பி, முகம் முகமாகத் தேடினார். ஒரு கிழமையில் முதன்முறையாக அவர் பயந்துபோயிருப்பதைக் கோசிகா கண்டாள்.

"இனிப் பிள்ளையும் ஒருக்கா அணைச்சுச் சொன்னால் முடிஞ்சுது" என்றார் சண்முகராசா. புதுக் கற்பூரத்தைத் தட்டில் வைத்தார்.

கோசிகா எழுந்து தட்டுக்கு முன்னால் போய் நின்றாள். கடவுள் தண்டிப்பார் என்றெல்லாம் அவள் நினைக்கவில்லை, அதெல்லாம் அவளுக்கு நிச்சயமாகத் தெரியாது. மூடியிருந்த தவநாயகியின் கையைத்தான் பார்த்தாள். விரல்கள் மெல்ல நடுங்கின. சுட்டிருக்கிறது, நன்றாகவே சுட்டிருக்கிறது. அவர் காட்டிக்கொள்ளவில்லை, அவ்வளவுதான்.

"அது என்ர" என்றாள் கோசிகா.

"என்ன பிள்ளை?"

"அந்த முடிச்சு. அது சூனியம் இல்லை. அம்மா எனக்கு நாவூறு கழிச்சது. சந்தியில போடச் சொன்னவ. நான் போடேல்லை. துஷ்யா சிரிப்பாள் எண்டு ரின்னுக்குள்ள ஒளிச்சனான். தவநாயகி அன்ரி ஒண்டும் செய்யேல்லை."

கராஜிலிருந்து பையைக் கொண்டுவந்து பேப்பர் விரித்த மேசையில் வைத்தார்கள். அம்மா குனிந்து பார்த்தார். தலையணை உறையில் கிழித்த துணி, ஓரத்தில் நீலப் பூ. அம்மாவின் முகத்தில் ஈயாடவில்லை. இல்லை என்று சொல்லியிருக்கலாம். யாராலும் நிரூபித்திருக்க முடியாது.

"ஓம்" என்றார் அம்மா. "நான் கட்டினதுதான். நாவூறுதான். உப்பும் மிளகாயும்."

இத்தோடு எல்லோரும் சிரித்து, அடக் கடவுளே இதுக்கோ இந்தப் பாடு என்று கலைந்துபோவார்கள் என்று கோசிகா எப்படித்தான் நம்பினாளோ. யாரும் சிரிக்கவில்லை. சுசிலா அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உன்ர பிள்ளையில கிடந்ததைக் கழிச்சு என்ர பிள்ளையின்ர நகைக்குள்ள அனுப்பியிருக்கிறாய்" என்றார்.

"ஐயோ சுசிலா, நான் அனுப்பேல்லை. பிள்ளை மறந்து..."

"என்ர பிள்ளைக்கு அரங்கேற்றம், உன்ர பிள்ளைக்கு வெறும் அறிவிப்பு எண்டு உனக்கு மனதில கிடந்தது. எனக்குத் தெரியாதே?"

அம்மாவுக்கு மற்றப் பக்கத்தில் இருந்த பெண் எழுந்து சுவரோரம் போய் நின்றார். கதவோரம் தவநாயகிக்குப் பக்கத்தில் ஒரு காலிக் கதிரை இருந்ததுபோல, இப்போது அம்மாவுக்குப் பக்கத்திலும் ஒன்று. துஷ்யா கோசிகாவைப் பார்க்காமல் போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய பெருவிரல் ஓடிக்கொண்டிருந்தது.

சண்முகராசா தொண்டையைச் செருமினார். நியாயமான மனிதர் அவர், எல்லாப் பக்கத்தையும் கேட்பவர்.

"நாவூறு கழிக்கேக்கை சிலபேர் பேர் சொல்லுறவை. இன்னாரின்ர கண், இன்னாரின்ர கண் எண்டு. இந்த வீட்டு ஆக்களின்ர பேர் சொல்லிக் கட்டினதெண்டால் அது வேற. சும்மா கழிச்சதெண்டால் அது வேற." அவர் அம்மாவைக் கேட்கவில்லை. கோசிகா பக்கம் திரும்பினார். "நீ உண்மை சொல்லுற பிள்ளை. நீதான் பக்கத்தில இருந்தனி. அம்மா ஆரின்ர பேரைச் சொன்னவ?"

அன்று காலை கதிரையில் இருந்தபோது அம்மா முணுமுணுத்தது அவள் காதில் விழுந்திருந்தது. ஊர்க்கண், உறவுக்கண் என்று தொடங்கி, கடைசியில், சுசிலாவின்ர கண், அவளின்ர பெட்டையின்ர கண், எல்லாம் வெடிச்சுச் சிதறிப் போகட்டும் என்றார். அம்மா கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. எல்லா வீட்டிலும் அப்படித்தான் சொல்வார்கள், இந்த அறையில் இருக்கிற அத்தனை பேரும் சொல்லியிருப்பார்கள். ஆனால் சொன்னார்.

அம்மா அவளைப் பார்த்தார். கண்டதைச் சொல்லு என்று இந்த முறை சொல்லவில்லை.

கோசிகா நெருப்புப் பெட்டியை எடுத்தாள். ஒருவரும் கேட்காமலே கற்பூரத்தைத் தானே கொளுத்தினாள். "அம்மா ஒருத்தரின்ர பேரும் சொல்லேல்லை" என்றாள். "சத்தியமா." உள்ளங்கையை வைத்து அழுத்தினாள். சுட்டது. அப்படிச் சுடும் என்று அவள் நினைக்கவேயில்லை. கத்திக்கொண்டு கையை இழுத்து, அங்கேயே நிலத்தில் குந்தி விக்கி விக்கி அழுதாள்.

உடனே நம்பினார்கள். அத்தனை பேரும் நம்பினார்கள். பச்சைப் பிள்ளை, நெருப்பை அணைச்சுச் சொல்லுது, இதுக்கு மேல என்ன வேணும் என்றார் டொக்டர். சுசிலாவே ஓடிவந்து அவளைத் தூக்கி, கையைக் குளிர்தண்ணீரில் பிடித்தார். யாரோ பிளேன்ரீ போடப் போனார்கள். ரோல்ஸ் தட்டு வெளியே வந்தது. அம்மாவுக்குப் பக்கத்துக் கதிரையில் யாரோ வந்து இருந்து, "எங்கட வீட்டையும் உந்த அலாரத்தோட பெரிய கரைச்சல்" என்று கதை தொடங்கினார். துஷ்யா கோசிகாவின் தோளைக் கட்டிப்பிடித்து, நீ வேற லெவல் என்று காதுக்குள் சொன்னாள். கோசிகா அசையாமல் நின்றாள். அந்தக் கை தோளில் இருந்தது அவளுக்கு ஆறுதலாகவும் இருந்தது, அதை நினைக்க அருவருப்பாகவும் இருந்தது.

தவநாயகியிடம் ஒருவரும் எதுவும் சொல்லவில்லை. அவர் கேட்டபோதுதான் நகுலேஸ்வரி ரீச்சர் இழுத்து இழுத்துச் சொன்னார், இந்த வருடத்துக்கு வேறு ஆளுக்குச் சொல்லியாயிற்று, அடுத்த வருடம் பார்ப்போம் என்று. அறை விஷயத்தை யாரும் எடுக்கவே இல்லை. தவநாயகி பையை எடுத்துக்கொண்டு வெளி வாசல் பக்கம் போனார். ரீயை ஊற்றுகிற சந்தடியில் கோசிகா பின்னால் போனாள்.

அவர் கதவுக்கு உள்ளே மாடிப்படியில் குந்தி, ஒற்றைக் கையால் சப்பாத்துப் போட்டுக்கொண்டிருந்தார். வலது கையை மடியில் மல்லாத்தி வைத்திருந்தார், உள்ளங்கை நடுவில் தோல் பொங்கியிருந்தது.

"சொறி, அன்ரி."

தவநாயகி நிமிரவில்லை. "முதல் ஏன் நான் வைச்சனான் எண்டு சொன்னனி?"

"பயம்."

"துஷ்யாவுக்கோ?"

"எல்லாருக்கும்."

சப்பாத்தை இழுத்துப் போட்டுவிட்டு அவர் அவளுடைய கையைப் பார்த்தார். ஈரத் துணி சுற்றியிருந்தது. பிறகு முகத்தைப் பார்த்தார். கொண்டை போடும்போது கண்ணாடியில் பார்ப்பாரே, அப்படி ஒரு பார்வை.

"இப்ப நெருப்பில கை வைச்சுச் சொன்னது?"

கோசிகாவால் பொய் சொல்ல முடியவில்லை, உண்மையும் வாயில் வரவில்லை. "அதுவும் பயத்திலதான்" என்றாள்.

தவநாயகிக்குப் புரிந்தது. பாதி திறந்திருந்த அறைக் கதவால் உள்ளே பார்த்தார். அம்மா எல்லோருக்கும் நடுவில் இருந்து ரீ குடித்துக்கொண்டிருந்தார். திரும்பி உள்ளே போய் ஒரு வசனம் சொன்னால் போதும். அறை, வேலை, பெயர் எல்லாம் திரும்பி வரும். அம்மாவுக்குத்தான் எல்லாம் போகும். தவநாயகி எழுந்து, கோட்டுப் பொத்தானைப் பூட்டினார்.

"எண்ணெய் கிண்ணெய் பூசாதை" என்றார். "தண்ணியில பிடி."

வெளிக்கதவைத் திறந்தார். குளிர்காற்று உள்ளே வர, அறைக்குள்ளிருந்து சுசிலா கூப்பிட்டார்.

"ஆரோட பிள்ளை அங்க கதைக்கிறாய்?"

தவநாயகி கதவைப் பிடித்தபடி நின்றார். கோசிகா அவரைப் பார்த்தாள்.

"ஒருத்தரும் இல்லை, அன்ரி" என்று அறைப் பக்கம் குரல் கொடுத்தாள்.

தவநாயகி வெளியே போய்க் கதவைச் சாத்தினார்.